கணக்கு வராத பிள்ளைக்கு எந்த வழி: டியூஷனா, அபாகஸா, சிறப்பாசிரியரா?

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் காலையில் தட்டில் ஐந்து இட்லி வைத்தேன். எண்ணிப் பார்த்து ஐந்து என்றாள். மேலும் இரண்டு வைத்து, "இப்ப எத்தனை?" என்று கேட்டேன். முதல் இட்லியைத் தொட்டு ஒன்று, இரண்டு என்று மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினாள். ஐந்து ஏற்கெனவே இருக்கிறது, ஆறு, ஏழு என்று தொடர்ந்தால் போதும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அதே பிள்ளை தமிழ்ப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். பார்த்த படத்தின் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்வாள்.

அன்றைக்கு நான் அதை விளையாட்டுத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்று வழிகளுக்குப் போனோம்: முதலில் டியூஷன், அடுத்து அபாகஸ், கடைசியில் சிறப்பாசிரியர். இந்த வரிசையில் போனதற்காக இன்றும் வருந்துகிறேன். இப்போது அதே இடத்தில் நிற்கும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பதால், எது எதற்கு உதவும், எது உதவாது என்று பட்டதையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். நான் மருத்துவரோ உளவியலாளரோ இல்லை. மதுரைப் பக்கம் வேலைக்குப் போகும் ஒரு அம்மா.

முதலில் சிக்கலைப் பற்றி. எழுத்து வாசிப்பதில் வரும் டிஸ்லெக்சியாவைப் பற்றி இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். எண்ணிலும் கணக்கிலும் வருவதற்கு டிஸ்கால்குலியா என்று பெயர். செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த லாடிஸ்லாவ் கோஷ் என்ற உளவியலாளர் 1974-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆய்வுகள் பொதுவாக 100 பிள்ளைகளில் 3 முதல் 7 பேருக்கு இது இருக்கலாம் என்கின்றன. அப்படியானால் 40 பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ. அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளையின் மேல்பின்பகுதியில் அளவை உணரும் வேலையைச் செய்யும் இடம் இந்தப் பிள்ளைகளில் வேறு மாதிரி இயங்குகிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நமக்கு மூன்று நான்கு பொருளை எண்ணாமலே பார்த்தவுடன் தெரியும். பகடையை உருட்டினால் புள்ளிகளை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. 8 பெரிதா 5 பெரிதா என்று கேட்டால் யோசிக்காமலே விடை வரும். டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்கு இந்த அடித்தளமே ஆட்டம் காண்கிறது. 8 என்பது அதற்கு ஒரு வடிவம், ஒரு ஓசை. அதன் பின்னால் இருக்க வேண்டிய "இவ்வளவு" என்ற உணர்வு மங்கலாக இருக்கிறது. அதன்மேல் கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, பின்னம் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு மாடி கட்டிக்கொண்டே போகிறோம். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நான் இப்போது வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதிலிருந்து வருகிறது. அந்த "இவ்வளவு" என்ற உணர்வை இந்த வழி தொடுகிறதா, இல்லை மேலே வேகத்தை மட்டும் ஏற்றுகிறதா?

டியூஷன்

என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்தது 2020 ஜூனில். பள்ளி என்றால் அப்போது ஒரு கைபேசித் திரைதான். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதனால் மூன்றாம் வகுப்பில் அவள் தடுமாறியபோது, "கொரோனாவால எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் இருக்குதுங்க, டியூஷன் வச்சா சரியாப் போயிடும்" என்று ஆசிரியை சொன்னதில் நியாயம் இருந்தது. பாடம் விட்டுப்போன பிள்ளைக்கு டியூஷன்தான் சரியான வழி. காய்ச்சலில் ஒரு மாதம் படுத்த பிள்ளை, பள்ளி மாறிய பிள்ளை, வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, இவர்களெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடுவார்கள். செலவும் குறைவு, தெருவிலேயே கிடைக்கும்.

என் மகளோடு சேர்ந்த பிள்ளைகள் அப்படித் தேறினார்கள். அவள் தேறவில்லை. டியூஷன் அக்கா நல்லவர், ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அதே முறையில், அதே புத்தகத்தில், இன்னும் அதிகமான கணக்குகள். வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். எழுதினாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று ராகத்தோடு ஒப்பிக்கவும் செய்தாள். நடுவில் நிறுத்தி எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழிலிருந்து பாடிக்கொண்டே வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒப்பித்தது செவ்வாய்க்கிழமை போய்விடும்.

அவளுடைய நோட்டில் இருந்த தவறுகளைத்தான் நான் முன்பே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். 47-இல் 29-ஐக் கழிக்கச் சொன்னால் 22 என்று எழுதியிருப்பாள். 7-இலிருந்து 9 போகாது, அதனால் 9-இலிருந்து 7-ஐக் கழித்திருக்கிறாள். முன்னூற்று ஐந்து என்று சொன்னால் 3005. காதில் முந்நூறு விழுந்ததும் 300 எழுதி, பக்கத்தில் 5 வைத்திருக்கிறாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு கட்டத்தில் செய்யும் தவறுகள்தான் இவை. மற்றவர்கள் ஆறு மாதத்தில் விட்டுவிட்ட தவறு இவளிடம் வருடக்கணக்காக அப்படியே இருந்தது, அதுதான் வித்தியாசம். ஆகவே டியூஷன் வைப்பவர்களுக்கு நான் சொல்வது: மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். முதல் மாத நோட்டையும் மூன்றாம் மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தவறின் வகையைப் பாருங்கள். அதே வகைத் தவறு அப்படியே இருந்தால் அந்த வழியை நீட்டிப் பயனில்லை. நாங்கள் எட்டு மாதம் நீட்டினோம்.

அபாகஸ்

இதைப் பரிந்துரைக்காத சொந்தக்காரர்களே இல்லை. சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலை ஆட்டி ஐந்தாறு எண்களைக் கூட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். நானும் நான்காம் வகுப்பில் சேர்த்தேன்.

வகுப்புகளில் இருப்பது பெரும்பாலும் ஜப்பானிய வகை மணிச்சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, அதன் மதிப்பு ஐந்து. கீழே நான்கு மணி, ஒவ்வொன்றும் ஒன்று. 4-இல் 3-ஐக் கூட்ட வேண்டுமென்றால் கீழே மணி மிச்சம் இல்லை. அதனால் மேல்மணியை இறக்கி, கீழே இரண்டை எடுத்துவிட வேண்டும். மூன்றின் "சின்ன நண்பன்" இரண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். பத்துக்கு இப்படியே "பெரிய நண்பன்" உண்டு. அளவு உணர்வு உள்ள பிள்ளைக்கு இது ஒரு அழகான குறுக்குவழி. விரலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும், கவனமும் கூடலாம். கணக்கு ஓரளவு வருகிற, வேகம் வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைக்கு நான் தடை சொல்லமாட்டேன்.

என் மகளுக்கு அது இன்னொரு மந்திரம். மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து என்பது உள்ளுக்குள் உறுதியாக இருந்தால்தான் நண்பன் கணக்கு பொருளாகும். அவளுக்கு ஏற்கெனவே வாய்ப்பாடு ஒரு பாட்டு, இப்போது நண்பர்கள் இன்னொரு பாட்டு. இரண்டு நிலைகள் முடித்துச் சான்றிதழும் வாங்கினாள். மணியை நகர்த்தி 23 என்று விடை சொல்வாள். அந்த 23 எவ்வளவு, 20-க்குப் பக்கமா 30-க்குப் பக்கமா என்று கேட்டால் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, சொல்லிக்கொடுப்பவர் கையில் கடிகாரத்தோடு நிற்பது. ஒரு பக்கத்தை இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் சனிக்கிழமை காலைகளில் அவளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது. முதலில் நான் நம்பவில்லை. ஒரு நாள் வகுப்பு வாசலில் வாந்தி எடுத்த பிறகுதான் நிறுத்தினேன். கணக்கைப் பார்த்து வரும் பயம் மனதில் ஏறினால், கணக்குப் போடத் தேவையான நினைவின் இடத்தை அந்தப் பயமே பிடித்துக்கொள்கிறது என்று பின்னால் படித்தேன். அப்போது தெரிந்திருந்தால் ஒரு வாரம்கூட அனுப்பியிருக்கமாட்டேன்.

டிஸ்கால்குலியா இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், நேரம் வைத்துப் பழக்கும் எந்த வகுப்பும் வேண்டாம். கைபேசிச் செயலிகளுக்கும் இதே பேச்சுதான். ஓரத்தில் ஓடும் கடிகாரம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

சிறப்பாசிரியர்

கடைசியாகப் போனதும், முதலில் போயிருக்க வேண்டியதும் இதுதான். கற்றல் குறைபாட்டுக்குத் தனியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையைச் செய்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகின்றன. மாவட்டங்களில் ஆள் கிடைப்பது கடினம், அதை மறைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். வாரம் இரண்டு நாள். ஒரு மாத டியூஷன் கட்டணம் அங்கே இரண்டு அமர்வுக்குத்தான் வரும்.

முதல் நாள் அந்த மேடம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு கிண்ணத்தில் சோழிகளைப் போட்டு, கையால் மூடி, ஒரு விநாடி திறந்து மூடினார். "எத்தனை பார்த்தே?" மூன்று வரை சரியாகச் சொன்னாள். நான்கில் திணறினாள். நான்காம் வகுப்பை முடிக்கப் போகிற பிள்ளை. மேடம் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "சரி, நாம மூணுல இருந்து ஆரம்பிப்போம்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடமாக நாங்கள் ஏழாம் வாய்ப்பாட்டோடு போராடிக்கொண்டிருந்தோம். பிள்ளை நின்றுகொண்டிருந்த இடம் நான்கு.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். எந்தச் சிறப்பாசிரியரிடம் போனாலும் இந்த மாதிரி வேலை நடக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

பொருள், படம், எண் என்ற வரிசை ஒருபோதும் மாறவில்லை. முதலில் சோழி. அடுத்து பத்துக் கட்டம் போட்ட ஒரு அட்டை, மேல்வரிசையில் ஐந்து, கீழ்வரிசையில் ஐந்து. ஏழு என்றால் மேல்வரிசை நிறைந்து கீழே இரண்டு. பார்த்த உடனே "ஐந்தும் இரண்டும், பத்துக்கு மூன்று குறைவு" என்று இரண்டு உறவுகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. பல வாரம் அந்த அட்டைதான். எண்ணாமல் ஏழைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் முதல் இலக்கத்தை எழுதச் சொன்னார்.

இடமதிப்புக்கு நிஜப் பணம். பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும். 47 ரூபாய் கொடுத்து 29 ரூபாய்க்குச் சாமான் வாங்கச் சொன்னார். நான்கு நோட்டு, ஏழு நாணயம். ஒன்பது நாணயம் கையில் இல்லை, ஒரு நோட்டைச் சில்லறை மாற்றியாக வேண்டும். "கடன் வாங்கிக் கழித்தல்" என்று வருடக்கணக்காகப் பலகையில் போட்ட ஒன்று, அன்றைக்கு அவள் கையில் நடந்தது. 18 மிச்சம். 22 ஏன் வந்திருக்க முடியாது என்று அவளே சொன்னாள்: "முப்பது ரூபாய் கொடுத்தாலே பதினேழுதானேம்மா மிச்சம் இருக்கும்."

அப்புறம் தமிழ். இதை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. தமிழில் எண்ணும் பிள்ளைக்கு ஒரு தனி இடறல் உண்டு என்று மேடம் காட்டினார். எழுபது, எண்பது என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று தொண்ணூறு என்று ஆகிறது. பெயரில் நூறு ஒலிக்கிறது, அளவோ நூற்றுக்குக் கீழே. எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம், அதிலும் ஆயிரம் ஒலிக்கிறது. மற்ற பிள்ளைகள் கேட்டுக் கேட்டே இதைத் தாண்டிவிடுவார்கள். அளவு தெரியாத பிள்ளை பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. என் மகள் தொண்ணூற்று மூன்றை 103 என்று எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்னொரு பக்கம், பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் என்று தமிழில் காதிலேயே தெரிகிறது. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்குத் தர்ட்டீனும் தர்ட்டியும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் பள்ளியில் ஆங்கிலவழியானாலும் அவளைத் தமிழில் எண்ணவிட்டு, தொண்ணூறு ஒன்றை மட்டும் கொஞ்ச நாள் "ஒன்பது பத்து" என்று சொல்லவைத்தார். எண்பதை எட்டுப் பத்து என்று பார்க்கத் தெரிந்த பிறகு தொண்ணூறு தானாக அதன் இடத்தில் உட்கார்ந்தது.

இதன் குறை என்னவென்று கேட்டால், மெதுவாக நடக்கும். ஐந்தாம் வகுப்பு முழுக்க அவள் பள்ளிக் கணக்கில் பெரிய முன்னேற்றம் காட்டவில்லை. வகுப்பில் பின்னம் நடந்துகொண்டிருக்கும்போது இங்கே 100 வரை போட்ட எண்கோட்டில் ஒரு எண் எங்கே வரும் என்று காட்டும் வேலை நடந்தது. மாமியார் வீட்டில் "இவ்வளவு காசு கொடுத்து சோழி விளையாட்டா?" என்றார்கள். அந்த ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியுமா என்பதை முன்கூட்டியே குடும்பமாகப் பேசிவிடுவது நல்லது. நடுவில் நிறுத்தினால் போட்ட பணமும் போகும், பிள்ளையின் நம்பிக்கையும் போகும்.

வீட்டிலேயே செய்தால்?

காசு இல்லாதவர்கள், சிறப்பாசிரியர் கிடைக்காத ஊர்க்காரர்கள் என்ன செய்வது? செய்யலாம், ஓரளவு. நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் மூன்று விளையாட்டுகளை நான் சிபாரிசு செய்வேன். பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாக ஒன்று ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவது, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற அடிப்படையைக் கையில் ஏற்றுகிறது. என் அப்பத்தாவோடு ஆடும்போது, கையில் இருக்கும் முத்து எந்தக் குழியில் முடியும் என்று மகள் முன்கூட்டியே பார்க்கத் தொடங்கியதுதான் நான் கண்ட முதல் மாற்றம். தாயத்தில் கட்டை உருண்டதும் புள்ளிகளைப் பார்த்தே சொல்ல வேண்டும், சொன்ன எண்ணுக்குக் கட்டம் தாண்ட வேண்டும். பரமபதத்தில் 100 வரை எண்கள் வரிசையாகக் கண்முன் கிடக்கின்றன. 38-இல் இருந்து நான்கு நகர்த்தும்போது 38-ஐ மறுபடி எண்ணாமல் 39 என்று தொடங்கச் சொல்லுங்கள். அந்த இட்லிக் கணக்குக்கு அதுதான் மருந்து.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை அம்மா அப்பா எடுத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. நான் எடுத்துக்கொண்டேன். அலுவலகம் முடிந்து வந்து, இரவு எட்டு மணிக்கு, பத்தாவது தடவையாக அதே கணக்கைச் சொல்லிக்கொடுத்து, குரல் உயர்ந்து, ஒரு நாள் அவள் கையிலிருந்த பென்சில் நடுங்குவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கணக்கு நோட்டை நான் தொடுவதில்லை. விளையாட மட்டும் உட்காருகிறேன்.

பரிசோதனை: இப்போதா, கொஞ்சம் பொறுத்தா?

ஐந்தாறு வயதுப் பிள்ளை விரல் விட்டு எண்ணுவதையும் 6-ஐத் திருப்பி எழுதுவதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வயதில் பெயர் தேவையில்லை, விளையாட்டு போதும். அரசு வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கான பரிசோதனையே 8 வயதுக்கு மேல்தான். 8 வயது தாண்டி, மூன்று மாதம் நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்தும் அதே தவறுகள் நின்றால், இனிப் பொறுக்காதீர்கள். நாங்கள் பொறுத்துப் பொறுத்துப் பத்து வயதை நெருங்கிய பிறகுதான் போனோம்.

பரிசோதனைக்கு முன் கண்ணையும் காதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கவனச் சிதறல் தனியாக இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள், பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அறிவுத்திறன் சோதனை ஒன்று, பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு ஒன்று, இவைதான் வழக்கம். தனியார் உளவியலாளரிடம் சீக்கிரம் முடியும், அறிக்கையும் விரிவாக இருக்கும், சிறப்பாசிரியருக்கு அது மிக உதவும். ஆனால் பொதுத்தேர்வுச் சலுகை என்று வரும்போது பெரும்பாலும் அரசு மருத்துவமனை வழியாக வரும் சான்றிதழைத்தான் கேட்பார்கள். மாவட்ட அளவில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அரசு வழியில் காத்திருப்பு நீளும், செலவு மிகக் குறைவு. முடிந்தால் தனியார் அறிக்கையை வைத்துப் பயிற்சியை உடனே தொடங்கிவிட்டு, அரசுச் சான்றிதழுக்கு நிதானமாக அலையலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

"சான்றிதழ் வாங்கினால் பிள்ளை மேல் முத்திரை விழுந்துவிடும்" என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. வகுப்பில் "மக்கு" என்று ஏற்கெனவே விழுந்திருந்த முத்திரையைவிட இது எவ்வளவோ மேல் என்று நான் நினைக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் கற்றல் குறைபாடே கிடையாது. என் மகளிடம் அறிக்கையைக் காட்டி விளக்கியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் சோம்பேறி இல்லையாம்மா?"

பத்தாம் வகுப்புக்கு எந்த வாரியம்?

இதை ஐந்தாம் வகுப்பிலேயே முடிவு செய்யத் துடிக்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்பு வரை அவசரமில்லை. ஆனால் வாசல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருப்பது மனதுக்கு நிம்மதி.

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் கணிதம் கட்டாயம், தேர்ச்சிக்கு 35. கேட்கும்போது பயமாக இருக்கும். வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தால் பயம் குறையும். ஒரு மதிப்பெண் வினா 14, பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து. செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8, மொத்தம் 16. கவராயமும் அளவுகோலும் வைத்துப் படிப்படியாக வரையும் வேலை டிஸ்கால்குலியா உள்ள சில பிள்ளைகளுக்கு நன்றாகவே வரலாம், ஏனென்றால் அது கையால் செய்வது. சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். கால்குலேட்டர் அதில் அடங்குமா என்பதை ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் மூலமாகத் தேர்வுத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். நண்பர்கள், பள்ளி, ஆசிரியர் எதுவும் மாற வேண்டியதில்லை. இந்தக் காரணத்துக்காகவே எனக்கு இது முதல் தேர்வு.

சிபிஎஸ்இ-யில் 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு தாள்கள் உண்டு. பாடத்திட்டம் ஒன்றுதான், பேசிக் தாள் எளிது. ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல வாசல். மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து இதற்காகவே மாறுவது வீண் வேலை. புதுப் பள்ளி, புது மொழிச் சூழல், பேசிக் என்றாலும் ஸ்டாண்டர்டின் அதே பாடத்திட்டம்.

மூன்றாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ். இங்கே கணிதம் கட்டாயமில்லை. ஐந்து பாடம் போதும், அதில் ஒன்றாவது மொழியாக இருக்க வேண்டும். மனையியல், ஓவியம், உளவியல், வணிகம் என்று தேர்ந்துகொள்ளலாம், தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்புகள், ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். சிறப்பாசிரியர் வீட்டு வாசலில் எங்களோடு காத்திருக்கும் ஒரு அம்மாவின் மகன் இதில் எழுதினான். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பூட்டிக்கொண்ட பையன் அவன். அவனுக்கு இதுதான் சரி, அதில் சந்தேகமே இல்லை. கணிதம் ஒன்றுக்காகப் பிள்ளையின் மனமே உடைகிறது என்றால் கணிதத்தை விட்டுவிட வேண்டியதுதான். இழப்புகளும் உண்டு. தினமும் போய்வரும் வகுப்பும் நண்பர்களும் இருக்காது, வீட்டில் ஒருவர் கூட இருந்து படிக்கவைக்க வேண்டும். கணிதம் இல்லாமல் பத்தாம் வகுப்பு முடித்தால் பாலிடெக்னிக், பொறியியல் பக்கம் கதவு ஏறக்குறைய மூடிவிடும். மாநில அரசு வேலைகளுக்கும் குறிப்பிட்ட கல்லூரிகளுக்கும் அந்தச் சான்றிதழை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவு செய்த பிறகு கேட்பது தாமதம்.

கால்குலேட்டர் பற்றி ஒன்று. "அதைக் கொடுத்தால் மூளை வேலை செய்யாது" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதற்கும் ஒரு நேரம் உண்டு. 38-ஐ 21-ஆல் பெருக்கினால் 800-க்குப் பக்கத்தில் வரும் என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால், பெருக்கலுக்குப் பதில் கூட்டலை அழுத்தி 59 என்று வந்ததும், "இது தப்பு" என்று பிள்ளையே நிறுத்தும். அந்த மதிப்பீடு வந்த பிறகு கையில் கொடுத்தால் அது கருவி. அதற்கு முன் கொடுத்தால் திரையில் எது வந்தாலும் எழுதிவிடும்.

எங்கள் முடிவு இப்போதைக்கு இப்படி. மகள் ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். டியூஷன் இல்லை, அபாகஸ் இல்லை. சிறப்பாசிரியரிடம் வாரம் இரண்டு நாள், வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தாயம். மாநிலப் பாடத்திட்டத்திலேயே தொடர்கிறோம். போன காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41 வாங்கினாள். ஏழாம் வாய்ப்பாடு இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் ஐந்தேழு முப்பத்தைந்தோடு இன்னும் ஒரு ஏழைச் சேர்த்து ஆறேழைக் கண்டுபிடிக்கிறாள். சான்றிதழுக்கான மறுபரிசோதனை 14 வயதில் வரும், அப்போது ஒன்பதாம் வகுப்பின் தொடக்கமாக இருக்கும். கூடுதல் நேரத்துக்கான விண்ணப்பத்தையும் அதோடு சேர்த்துக் கொடுப்பதாக இருக்கிறோம்.